"கேஸ் எறங்கிட்டு அண்ணாச்சி"

ஏசி குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே வாயில் வருகிற வார்த்தை இது. நம்ம திருநெல்வேலிப் பக்கம் பெருமாள்புரமோ மேலப்பாளையமோ வள்ளியூரோ, எங்கே போனாலும் இதே பாட்டுதான். "கேஸ் எறங்கிட்டு அண்ணாச்சி, ஃபுல்லா ஏத்திரலாம்." மூவாயிரத்தைக் கறந்துகொண்டு போவார்கள். ரெண்டு மாசத்தில் மறுபடி புழுங்கும். மறுபடி அதே ஆள் வருவார்.

எங்கவே எறங்கும்? கேஸை அழுத்தித் தள்ளுகிற கம்ப்ரஸர், வெளி காயில், கேப்பிலரி என்கிற மெல்லிய குழாய், உள் காயில் எல்லாமே வெல்டும் நட்டுமாக மூடிய ஒரே சுற்று. அதற்குள் இருக்கிற கேஸ் சுற்றிச் சுற்றி வருமே தவிரச் செலவாகாது. பத்து வருசம் ஓடினாலும் போட்ட அளவு அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை. அதைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது, பங்சர் ஒட்டாமல் ட்யூபுக்குக் காற்றடிக்கிற சோலி.

இதில் நம்ம ஆட்கள் மேலும் கோபம்தான். பிரஷர் மீட்டர் மாட்டினாரா, என்ன காட்டியது என்று ஒரு கேள்வி கிடையாது. தலையாட்டிவிட்டு ஜிபேயைத் திறந்துவிடுவார்கள்.

ஆளைக் கூப்பிடும் முன் வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஏசியை 18-ல் வைத்து, ஃபேன் வேகத்தை முழுசாகக் கூட்டி இருபது நிமிசம் ஓட விடுங்கள். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரால் மேலே காற்றை இழுக்கிற இடத்திலும் கீழே காற்று வெளிவருகிற இடத்திலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்து, காற்றும் வேகமாக வந்தால் மெசின் அதன் வேலையைச் செய்கிறது. குறை அறையில் இருக்கிறது. வித்தியாசம் நாலைந்து டிகிரிதான் என்றால் மெசினைப் பார்க்க வேண்டும். காற்றே மெதுவாக வந்தால் ஃபில்டர். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று வரவில்லையா? உள்ளே உருளை மாதிரி சுழலும் ப்ளோயரின் இதழ் இடுக்குகளில் அழுக்கு அப்பியிருக்கும். டார்ச் அடித்தால் தெரியும். "சர்வீஸ்" என்று ஃபில்டரை மட்டும் தட்டிக் கழுவிவிட்டுக் காசு வாங்குகிறவர்கள் இதைத் தொடவே மாட்டார்கள்.

இனி வெளியில் மாட்டின யூனிட்டுக்கு வருவோம். ஊரில் பாதி ஏசி குளிராததற்குக் காரணம் அங்கேதான். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வருகிற காற்று பாளையங்கோட்டைக்கு வரும்போது ஈரமெல்லாம் போய் வெறும் புழுதியோடு மேற்கிலிருந்து அடிக்கும். நம்ம ஆட்கள் அவுட்டோரை எங்கே மாட்டுவார்கள்? மேற்குச் சுவரில், ஃபேன் மேற்கே பார்க்க! உள்ளிருந்து சூட்டை வெளியே தள்ளுகிற ஃபேனுக்கு எதிரே காற்று முட்டினால், தள்ளின சூடு திரும்பவும் காயிலுக்கே வரும். பிரஷர் ஏறும், குளிர்ச்சி குறையும், கடைசியில் கம்ப்ரஸர் சூடேறி நின்றுவிடும். இதற்கும் "கேஸ் கம்மி" என்று சொல்லி ஏற்றினால் ஏற்கெனவே ஏறிக் கிடக்கிற பிரஷர் இன்னும் ஏறும். கோட்டிக்காரத்தனம்! வடக்கிலோ தெற்கிலோ மாட்டினால் காற்று குறுக்கே போகும். மாற்ற இடமில்லை என்றால் இரண்டு மூன்று அடி தள்ளி ஒரு தகரத் தடுப்பு போதும். முதுகுப் பக்கம் சுவரிலிருந்து அரை அடியாவது விடணும். செம்புக் குழாயைத் திருடுவான் என்று நெருக்கமாகக் கம்பிக்கூண்டு அடித்து, அதன் மேல் சாக்கையும் போட்டு மூடுகிறவர்களுக்கு என்ன சொல்ல!

காயிலைக் கழுவுவதிலும் நம்ம ஊரில் ஒரு சிக்கல். ராதாபுரம், உவரிப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதை அடித்துக் காயவிட்டால் அலுமினியத் தகடு பொரிந்து உதிரும். கடைசியில் நல்ல தண்ணீர் ரெண்டு வாளி ஊற்றி அலசணும். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் வைத்து அடித்தால் தகடு மடங்கிக் காற்று போகும் வழியே அடைபடும்.

அறையின் குறை என்றேனே, அது மொட்டைமாடி. 1 டன் என்றால் மணிக்கு 12,000 பிடியூ, கிட்டத்தட்ட மூன்றரை கிலோவாட் சூட்டை வெளியேற்றும் திறன். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு அது தாராளம்தான். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் பகல் முழுக்க வெயில் குடித்த வெறுங்காங்கிரீட் நடுராத்திரி வரைக்கும் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். தட்டோடு பதிக்கணும், இல்லையென்றால் வெள்ளைப் பூச்சாவது அடிக்கணும். ரிமோட்டில் 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்கிறது பொய். சாதா ஏசி (கம்ப்ரஸர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற இன்வெர்ட்டர் வகை அல்லாதது) எந்த எண்ணை வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும்.

இன்வெர்ட்டர் இல்லாத மாடலில் வெளி ஃபேன் சுற்றியும் கம்ப்ரஸர் 'உம்'மென்று முனகி நின்றால், அதைக் கிளப்பிவிடுகிற கெபாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். மேலே 50 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கும், மீட்டரில் 40 காட்டும். சில நூறு ரூபாய்ப் பொருள். ராத்திரி வோல்டேஜ் 180-க்கு இறங்கினாலும் இதே முனகல்தான்.

நிஜமாகவே கேஸ் குறைந்திருந்தால் அதற்கு அடையாளம் உண்டு. வெளி யூனிட்டின் மெல்லிய குழாயில் வெள்ளையாகப் பனி பிடிக்கும், தடித்த குழாய் வியர்க்காமல் காய்ந்து கிடக்கும். அப்போதும் முதல் வேலை ஓட்டையைப் பிடிப்பது. நைட்ரஜன் ஏற்றி, நட்டு நட்டாகச் சோப்பு நுரை தடவணும். பெரும்பாலும் குழாய் நுனியை விரித்து முடுக்குகிற ஃப்ளேர் நட்டில்தான் குமிழி வரும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டுகிறவனை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். உள்ளே இருக்கிற எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். அடைத்த பிறகு வேக்குவம் பம்பு அரை மணி நேரம் ஓடணும். கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றை ஊதித் தள்ளுகிற குறுக்குவழி எல்லாம் ஆகாது. உள்ளே தங்குகிற ஈரமும் காற்றும் கம்ப்ரஸரைத் தின்னும். அதுவும் இப்போது பல ஏசிகளில் இருக்கிற ஆர் 32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ்.

அளவு எவ்வளவு என்று அவுட்டோர் பெயர்ப்பலகையிலேயே கிலோ கணக்கில் அச்சடித்திருக்கிறது. ஆர் 22 என்கிற பழைய கேஸ் காலத்து 60, 65 பிஎஸ்ஐ பிரஷர் கணக்கை வைத்துக்கொண்டு இன்வெர்ட்டர் ஏசியை அளக்கக் கூடாது. கம்ப்ரஸர் மெதுவாக ஓடினால் மீட்டர் முள் ஏறும், வேகமெடுத்தால் இறங்கும். எந்த முள்ளைப் பார்த்து நிரப்புவார்? பழைய மிச்சத்தை எடுத்துவிட்டுத் தராசில் நிறுத்து ஏற்றணும், எத்தனை கிராம் என்று பில்லில் எழுதணும். தராசு இல்லாமல் வருகிறவரைச் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.