ஐம்பது ஆண்டு எந்தக் கணக்கில்?

உலகின் இயற்கை எரிவாயு இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குத் தாங்கும் என்கிறது ஒரு கட்டுரை. அது வெறும் வகுத்தல் கணக்கு. பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபியின் புள்ளிவிவரப்படி 2020 இறுதியில் உறுதி செய்யப்பட்ட இருப்பு சுமார் 188 லட்சம் கோடி கன மீட்டர். அந்த ஆண்டு உற்பத்தி 3.85 லட்சம் கோடி. வகுத்தால் 49 ஆண்டு வருகிறது. சரி, ஆனால் உற்பத்தி ஆண்டுக்கு 2 சதவீதம் கூடினாலே அதே இருப்பு 34 ஆண்டில் காலி. நிலக்கரி, பெட்ரோல் என எல்லாவற்றுக்கும் பதிலாக எரிவாயுவையே எரிப்பதென்றால் இன்னும் மோசம். உலகின் எரிசக்தியில் அதன் பங்கு கால்வாசிதான் என்பதால், மொத்தத் தேவைக்கும் 12 ஆண்டுதான் வரும்.

இன்னொரு பக்கம், இருப்பு என்பதே நிலையான எண் இல்லை. இன்றைய விலையில், இன்றைய தொழில்நுட்பத்தில் எடுக்க முடிந்ததை மட்டுமே அதில் சேர்ப்பார்கள். அமெரிக்காவைப் பாருங்கள். 2000இல் இதே கணக்குப்படி அங்கே ஒன்பது ஆண்டுக்குத்தான் எரிவாயு இருந்தது. அப்புறம் எரிவாயு பொதிந்த ஷேல் என்ற களிமண் படிவுப் பாறைகளை நீரழுத்தத்தால் உடைத்து எடுக்க ஆரம்பித்தார்கள். 2020இல் உற்பத்தி முக்கால் மடங்கு கூடியிருந்தது, இருப்போ இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது!

நேர்மாறாக நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயல். எரிவாயு எடுத்ததால் வந்த நிலநடுக்கங்களால் 2023 அக்டோபரில் அங்கே உற்பத்தியை நிறுத்தினார்கள். பல்லாயிரம் கோடி கன மீட்டர் எரிவாயு இன்னும் அடியிலேயே கிடக்கிறது. ஐம்பது ஆண்டு என்று எழுதும்போது எந்த வளர்ச்சி விகிதத்தை வைத்தீர்கள் என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.