நூற்றுக்கு 45

டேபிள்டாப் ரோல்பிளே (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு) ஆடும் நண்பர்கள் இரண்டு பேர் இந்த மாதம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எல்லாக் கதைக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒரே ரூல்ஸ் புத்தகம் வேண்டும், எதை எடுக்கலாம்? போனில் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

பெருந்துறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை ராத்திரி ஐந்து பேர் கூடுவோம். போன வருஷக் கதை கொடுமணலில் நடந்தது. படியூர்ப் பெரில் கல்லை மணியாக்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைக்குக் கொண்டுபோகும் வணிகர்கள் நாங்கள். இந்த வருஷம் மூடிக்கிடக்கும் பஞ்சாலைக்குள் ஒரு பேய்க்கதை. இரண்டுக்கும் தனித்தனியாக ரூல்ஸ் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

முதலில் கர்ப்ஸ் என்கிற ரூல்ஸில் ஆடினோம். ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1986இல் கொண்டுவந்தது. மூன்று ஆறுமுகப் பகடையின் கூட்டுத்தொகை உங்கள் திறமை எண்ணைத் தாண்டக் கூடாது. திறமை 10 என்றால் பாதிக்குப் பாதி, 12 என்றால் 74 சதவீதம், 14 என்றால் 90ஐத் தாண்டிவிடும். கணக்கில் குறையே சொல்ல முடியாது. ஆனால் என் நங்கையா (அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஒவ்வொரு தடவையும் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏந்தம்பி, 12ங்கறது நல்லதா, சுமாரா?" என்று கேட்பார். நான் விளக்கி முடிப்பதற்குள் கதை ஆறிப்போகும்.

அடுத்து எடுத்தது ஃபேட் ரூல்ஸ். அதில் கேரக்டரை வாக்கியங்களால் எழுத வேண்டும். பேசுகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். கூச்சப்படுகிற இரண்டு பேர் பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், அதோடு விட்டோம்.

அப்புறம்தான் கேயாசியம் கம்பெனியின் பேசிக் ரோல்பிளேயிங். 1978இல் ரூன்குவெஸ்ட் என்ற விளையாட்டுக்காக எழுதிய ரூல்ஸை 1980இல் தனியாகப் பிரித்தார்கள். பேரம் பேசும் திறமை 45 என்று கேரக்டர் ஷீட்டில் இருந்தால், பலிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 45, அவ்வளவுதான். நங்கையா அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஷீட்டைப் பார்த்து அவரே, "வேண்டாந்தம்பி, 30தான் இருக்குது, வேற வழி பாக்கோணும்" என்கிறார். பொது ரூல்ஸில் நான் தேடுவது இதைத்தான். புதிதாக வந்தவர் ஜிஎம் (கதையை நடத்துகிறவர்) முகத்தைப் பார்க்காமல் தானே முடிவெடுக்க வேண்டும். எத்தனை உலகங்களுக்குப் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் அடுத்தது.

இதில் இன்னொன்றும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு திறமை பலித்தால் பக்கத்தில் டிக் போட்டுக்கொள்ளலாம். பிறகு மறுபடி நூறுக்குள் உருட்டி, அந்த எண்ணுக்கு மேலே விழுந்தால்தான் திறமை கூடும். அதனால் 30 வைத்திருப்பவர் சட்டென்று ஏறுவார், 90 வைத்திருப்பவர் திணறுவார். தறி பழகியவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் இதில் உயிர் மலிவு. சராசரி ஆளுக்கு 11, 12 உயிர்ப்புள்ளிதான், அனுபவம் கூடினாலும் அது கூடாது. ஒரு ஈட்டிக் குத்தில் கதை முடியலாம். அண்ணன்மார் கதை மாதிரி தனி ஆளாக ஒரு படையையே சாய்க்கும் வீரர்கள் வேண்டுமென்றால் சாவேஜ் வேர்ல்ட்ஸ் ரூல்ஸை எடுங்கள். பகடையில் இருப்பதிலேயே பெரிய எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம், திண்ணையே கத்தும். அந்த மாதிரிக் கதைக்கு நானும் அதைத்தான் எடுப்பேன்.

பவானி ஜமுக்காளத்தில் பகடை சரியாக உருளாது. பித்தளைத் தாம்பாளம் வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் அந்தத் தாம்பாளத்தில்தான் நங்கையாவுக்கு, டிக் போட்டிருந்த பேரம் 45ஐத் தாண்டி 72 விழுந்தது, எவ்வளவு கூட்டலாம் என்று உருட்டிய ஆறுமுகப் பகடையில் 6. பேரம் இப்போது 51.