லக்கு என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்

2025-ல் கேரளா முதல்முறையாக ரஞ்சி கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டத்துக்குப் போனதைப் பற்றி, கேரளாவில் பாலக்காடு ஜில்லாவில் தமிழ் பேசும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யாரிடம் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான்: "லக்குங்க." அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த அணியின் பயிற்சியாளர் பெயரே தெரியாது. அமய் குராசியா.

இங்கே கேரளா அணியைப் பாதி மனசோடுதான் பார்ப்பார்கள், தெரிந்த கதை. ஐபிஎல் என்றால் மஞ்சள் சட்டை, ரஞ்சி என்றால் தமிழ்நாடு. அந்த சீசனில் தமிழ்நாடு காலிறுதியில் விதர்பாவிடம் 198 ரன்னில் தோற்ற பிறகுதான் பலருக்குத் தாங்கள் பாலக்காடு ஜில்லாக்காரர்கள் என்பதே ஞாபகம் வந்தது.

குராசியா மத்தியப் பிரதேசத்துக்காரர், இடதுகை பேட்ஸ்மேன். 1999 மார்ச்சில் புனேயில் இலங்கைக்கு எதிராக முதல் ஒருநாள் ஆட்டம், 45 பந்தில் 57 ரன். அதே வருஷம் உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து போனார். ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. மொத்தமே 12 ஒருநாள் ஆட்டம், 149 ரன். 2001-க்குப் பிறகு அழைப்பில்லை. டெஸ்ட் கிடையாது. கையில் சுங்கத் துறை வேலை இருந்தது. கேரள அரசு வேலைக்கான பிஎஸ்சி ரேங்க் லிஸ்டில் பெயர் வந்தாலே மட்டையைப் பரணில் போட்டுவிடுகிற நம் ஊரில், அதோடு நிறுத்தியிருப்பார்கள். இவர் இந்தூரில் பையன்களைத் தேற்றப் போனார். இந்தியாவுக்கு ஆடிய ஆவேஷ் கான், ரஜத் பட்டிதார் இரண்டு பேரும் அவர் கையில் வளர்ந்தவர்கள்.

இனி லக்கு விஷயத்துக்கு வருகிறேன். ரஞ்சியில் ஆட்டம் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்த அணிக்குத்தான் அடுத்த சுற்று, இறுதி என்றால் கோப்பை. காலிறுதியில் ஜம்மு காஷ்மீரை விட முதல் இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் அதிகம். அரையிறுதியில் குஜராத்தை விட இரண்டு ரன். அதிலும் குஜராத்தின் கடைசி விக்கெட்டில் பந்து, பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் ஷார்ட் லெக்கில் நின்ற கேரளாவின் சல்மான் நிசார் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, ஸ்லிப்பில் இருந்த சச்சின் பேபி கைக்குப் போனது. அது லக்குதான், மறுக்கவில்லை. ஆனால் காலிறுதியின் அந்த ஒரு ரன் எங்கிருந்து வந்தது? சல்மானும் பேசில் தம்பியும் கடைசி விக்கெட்டுக்கு 81 ரன் சேர்த்ததில் வந்தது. பிறகு கடைசி நாள் முழுக்கத் தோற்காமல் நின்று டிரா செய்தார்கள். அரையிறுதியில் 457 ரன்னை 187 ஓவர் எடுத்து அடித்தார்கள். முகமது அசாருதீன் 341 பந்து ஆடி 177 நாட் அவுட். முதல் இன்னிங்ஸ் முன்னிலை போதும் என்கிற விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆடிய ஆட்டம் இது. பார்க்கக் கொட்டாவி வந்தது, உண்மை. எனக்கு அதுதான் பிடித்தது.

முதல் ஆட்டத்திலேயே அடித்து நொறுக்கிய ஒருவர் பயிற்சியாளராக இருந்த அணி இப்படி நின்று ஆடியது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. தன் பாணியையே எல்லோருக்கும் ஊட்டுகிற முன்னாள் ஆட்டக்காரர்கள் நிறைய. இவர் கையில் இருந்த ஆட்களைப் பார்த்து, அவர்களால் முடிந்ததை எடுத்தார் என்று நான் நினைக்கிறேன். அப்புறம் நாக்பூர் இறுதியில் சச்சின் பேபி 98-ல் அவுட்டானார், விதர்பாவுக்கு 37 ரன் முன்னிலை. இரண்டாவது இன்னிங்ஸில் கருண் நாயர் 31-ல் கொடுத்த கேட்ச் நழுவியது, அவர் 135 எடுத்தார். கோப்பை போனது. அதற்காகப் பயிற்சியாளரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

எங்கள் பக்கத்து டென்னிஸ் பந்து டோர்னமென்டுகளில் ஆறு ஓவர், எட்டு ஓவர்தான். ஒரு பந்தை விட்டுவிட்டால்கூட வெளியே இருந்து "ஏனுங்க, தூக்கமா?" என்று கத்துவார்கள். இதில் வளர்கிற பையன் 341 பந்து ஆட எங்கே கற்றுக்கொள்வான்? கிரிக்கெட் சங்கம் பாலக்காடு கோட்டை மைதானத்தில் கிழக்குப் பக்கத்துப் பையன்களுக்காக ஒரு முகாம் போடட்டும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார் எல்லாம் சேர்த்து. பயிற்சியாளர் தமிழ் பேச வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. பந்தை விடக் கற்றுத் தரட்டும்.