நிலக் குழுக்களில் ஃபார்வர்டு செய்பவர்களுக்கு

"2 ஏக்கர் விற்பனைக்கு. மெயின் ரோடு டச். கிளியர் டைட்டில். டைரக்ட் ஓனர். அவசர விற்பனை. ஜென்யூன் பையர் மட்டும் அழைக்கவும்."

தமிழ்நாட்டில் எந்த நில வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் காலையிலேயே இப்படி வரிசையாகக் கிடக்கும். எந்த கிராமம் என்று இருக்காது. இருந்தால் "செங்கல்பட்டு அருகில்". அந்த அருகில் என்பது மதுராந்தகம் தாண்டியும் நீளும். விலை கேட்டால் "கால் பண்ணுங்க சார்". கால் பண்ணினால் "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்". டைரக்ட் ஓனர் என்று போட்டவருக்கும் ஓனருக்கும் நடுவில் இன்னும் நாலு பேர்.

என்னைக் கேட்டால், உரிமையாளர் வாயால் விலையைக் கேட்காத இடத்தைக் குழுவில் போடவே கூடாது. அதிகபட்சம், உரிமையாளரிடம் நேரில் பேசிய ஒரு தரகரிடமிருந்து வந்ததாக இருக்கலாம். அதற்கு மேல் ஒரு கை கூடினாலும் அந்த இடம் கெட்டுப்போகிறது. எப்படி என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

உரிமையாளர் சென்ட் 3 லட்சம் என்கிறார். முதல் ஆள் பத்தாயிரம் மேலே வைக்கிறார். அடுத்தவர் 3.25 லட்சம் என்கிறார். மூன்றாவது கையில் அது 3.5 லட்சம். 2 ஏக்கர் என்றால் 200 சென்ட். சென்டுக்கு ஐம்பதாயிரம் ஏறினால் மொத்தத்தில் 1 கோடி. வாங்குபவரும் குழுக்களில் இருப்பவர்தானே? ஒரே இடத்தை 6 கோடிக்கும் 6.5 கோடிக்கும் 7 கோடிக்கும் பார்க்கிறார். ஒன்று, இடத்தில் ஏதோ வில்லங்கம் என்று விலகுவார். இல்லை, ஊருக்கே போய் டீக்கடையில் விசாரித்து உரிமையாளர் வீட்டுக் கதவைத் தட்டுவார். நாலு பேர் கமிஷனும் போச்சு. இதற்குள் 3.5 லட்சம் என்று காதில் விழுந்த உரிமையாளர் "அந்த விலைக்கே ஆள் இருக்குதாமே" என்று தன் விலையையும் ஏற்றிவிடுவார். வருஷக்கணக்கில் விற்காமல் கிடக்கும் பல இடங்களுக்கு நோய் இதுதான்.

வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோதான் ஃபார்வர்டு செய்ய விடும். பல கை மாறி இரட்டை அம்புக்குறி வந்துவிட்டால் ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான். நம் ஆட்கள் அதைத் தாண்ட காப்பி செய்து ஒட்டுகிறார்கள். ஒட்டும்போது முதலில் காணாமல் போவது தேதி, அடுத்தது அசல் தரகரின் எண். ஆறு மாதத்துக்கு முன் கிரயமான இடம் "இன்று வந்த இடம்" என்று மறுபடி கிளம்புவது இப்படித்தான்.

சரி, ஒரு பதிவில் என்ன இருக்க வேண்டும்? வருவாய் கிராமம், வட்டம், பரப்பு, சாலையின் அகலம், உரிமையாளர் சொன்ன விலை, சொன்ன தேதி. பரப்பைச் சதுர அடியிலும் சேர்த்துப் போடுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதாவது கிரவுண்டுக்கு ஐந்தரை சென்ட். சென்னைக்காரருக்குக் கிரவுண்டில் சொன்னால்தான் புரியும், கோவைக்காரருக்கு சென்ட். தஞ்சாவூர்ப் பக்கம் 144 சதுர அடிக் குழி, நூறு குழி ஒரு மா, அது ஏறத்தாழ 33 சென்ட். வேறு ஊரில் குழிக் கணக்கு வேறு. "50 குழி" என்று மட்டும் போட்டால் வெளியூர்க்காரர் கேட்காமலே கடந்து போவார்.

சாலை அகலத்தைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. டேப் பிடித்து அளந்து, பத்திரத்தில் உள்ளதையும் தரையில் இருப்பதையும் தனித்தனியாக எழுதுங்கள். பத்திரத்தில் 23 அடி, தரையில் 18 அடி என்று இருப்பது சாதாரணம்; பக்கத்துக்காரர் வேலி நகர்ந்திருக்கும். அதை மறைத்தால் சைட் விசிட் அன்றைக்கு வாங்குபவரின் என்ஜினீயர் அளந்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

சர்வே எண்ணைக் குழுவில் போடலாமா என்பதில்தான் தரகர்களுக்குள் ஓயாத சண்டை. போடாதீர்கள் என்பதே என் பக்கம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் தெரிந்தால் அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டாவைப் பார்த்துவிடலாம். உரிமையாளர் பெயர் அதிலேயே இருக்கிறது. அதே எண்ணைப் பதிவுத்துறைத் தளத்தில் போட்டு வில்லங்கமும், அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரமும் பார்த்துவிடலாம். ஆயிரம் பேர் பார்க்கும் குழுவில் போட்டால் உரிமையாளரின் முகவரியை ஒட்டியது மாதிரிதான். அதற்காக எண்ணே தராமல் வாங்குபவரை சைட்டுக்குக் கூட்டிப்போவதும் தப்பு. வாங்குபவர் பக்கத் தரகர் தன்னிடம் ஆள் இருக்கிறது என்று உறுதி சொல்லி, கமிஷன் பேசி முடித்தபின், தனிச் செய்தியில் சர்வே எண், புலப்படம் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

கமிஷன் பேச்சை எழுத்தில் வையுங்கள். வாய்ஸ் நோட் வேண்டாம், பின்னால் தேடினால் சிக்காது. "இன்ன கிராமம், 2 ஏக்கர், ஓனர் விலை சென்ட் 3 லட்சம். வாங்குபவர் பக்கக் கமிஷன் உங்களுக்கு, விற்பவர் பக்கம் எனக்கு. இடையில் வேறு பங்கு இல்லை. சம்மதமா?" என்று நாலு வரி. "சம்மதம்" என்று பதில் வந்தபின் லொகேஷன். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த நாலு வரி இல்லாததால் வருபவை.

லொகேஷன் என்றதும் ஒன்று. "கரண்ட் லொகேஷன்" அனுப்பினால் போவது உங்கள் போன் இருக்கும் இடம். டீக்கடையில் உட்கார்ந்து அனுப்பிய பின்னை நம்பி வாங்குபவர் டீக்கடைக்கே வந்து நிற்பார். கூகுள் மேப்பில் சாட்டிலைட் காட்சிக்குப் போய், இடத்தின் சாலையோர மூலையில் விரலை அழுத்திப் பிடித்துப் பின் வைத்து, அந்த லிங்க்கை அனுப்புங்கள்.

வீடியோவுக்கு ட்ரோன் தேவையில்லை. மேலிருந்து எடுத்தால் எல்லா இடமும் அழகு. பள்ளமும் தெரியாது, மேலே போகும் உயரழுத்த மின்கம்பியும் தெரியாது. மெயின் ரோட்டில் ஆரம்பித்து இடம் வரைக்கும் வண்டி போகிற வழியை வெட்டாமல் ஒரு நிமிடம் எடுங்கள். போனை நெடுக்காகப் பிடியுங்கள், ரீல்ஸுக்கும் ஸ்டேட்டஸுக்கும் அதுதான் பொருந்தும். மின்கம்பி, ஓடை, சுடுகாடு எது இருந்தாலும் காட்டிவிடுங்கள். அதைப் பார்த்தும் அழைப்பவர்தான் வாங்குகிற பார்ட்டி.

சட்டத்தை நிறையப் பேர் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் விளம்பரம் என்பதற்கான விளக்கம் எந்த ஊடகத்துக்கும் பொருந்தும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் ரீலுக்கும் தப்ப வழி இல்லை. மனையாகவோ கட்டடமாகவோ விற்கும் திட்டத்தில் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம், அதாவது சுமார் 12.4 சென்ட், அல்லது எட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் என்றால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியும் முன் விளம்பரமே செய்யக் கூடாது. "ப்ரீ லான்ச் ஆஃபர், ரெரா அப்ளைடு" என்று புரோமோட்டர் அனுப்பும் போஸ்டரை ஃபார்வர்டு செய்யும்போது இது நினைவில் இருக்கட்டும். பதிவான திட்டத்தின் விளம்பரத்திலும் ரெரா எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் மனை விற்றுத் தரும் தரகரும் தனியாகப் பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம். ஒரு விவசாய நிலத்தைக் கைமாற்றி விடுவதற்கு இது பொருந்தாது. அதையே துண்டு போட்டு மனையாக விற்றால் பொருந்தும்.

"பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்ற சொல்லைக் கண்டாலே நகர்ந்துவிடுங்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் லேஅவுட்டுக்கு ஊராட்சித் தலைவர் தனியாக அனுமதி தர முடியாது. 2016 அக்டோபர் 20 வரை பதிவான அனுமதியில்லா மனைகளை முறைப்படுத்த வரன்முறை விதிகள் 2017-ல் வந்தன. அதன்பின் போட்ட அனுமதியில்லா மனையைப் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு தடுக்கிறது. வாங்கியவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பதிய முடியாமல் நிற்கும்போது அவர் தேடுவது உங்கள் எண்ணைத்தான்.

குழுவைவிட எனக்குப் பிடித்தது பிராட்காஸ்ட் லிஸ்ட், அதாவது ஒரே செய்தி பலருக்கும் தனித்தனியாகப் போகும் பட்டியல். ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பலரும் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எண்ணைக்கூடச் சேமிக்காதவர் உங்களிடம் வாங்கப்போவதில்லையே? பிசினஸ் வாட்ஸ்அப்பில் லேபிள் வசதி இருக்கிறது. ஏரியா, பட்ஜெட் என்று பிரித்து வைத்தால் திருப்போரூரில் மனை தேடுபவருக்குத் திண்டிவனம் தோப்பை அனுப்பி அவர் பிளாக் செய்யும் நிலை வராது.

ஃபேஸ்புக்கில் காசு கொடுத்து விளம்பரம் செய்பவர்களுக்கு இரண்டே விஷயம். லீட் ஃபார்மில், அதாவது ஆர்வமுள்ளவர் பெயரும் எண்ணும் தரும் படிவத்தில், "ஹையர் இன்டென்ட்" வகையைத் தேர்ந்தெடுங்கள். அனுப்பும் முன் விவரத்தைச் சரிபார்க்கும் படி ஒன்று கூடும், எண்ணிக்கை குறையும், கைதவறித் தட்டியவர்கள் பெரும்பாலும் கழிவார்கள். போன் எண் புரொஃபைலில் இருந்து தானாக நிரம்புவதால் பழைய எண்ணே நிறைய வரும், எனவே பட்ஜெட்டையும் எப்போது பதிவு செய்ய உத்தேசம் என்பதையும் கைப்படத் தேர்வு செய்ய வையுங்கள். வந்த பெயர்களை 90 நாளுக்குள் இறக்கிவிடுங்கள், பிறகு கிடைக்காது.

குழு அட்மின்களுக்கு: பத்திர நகல், ஆதார் நகல் வந்தால் கேள்வி கேட்காமல் நீக்குங்கள். கிரயப் பத்திரத்தில் படம், கையெழுத்து, கைரேகை எல்லாம் இருக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து டோக்கன் அட்வான்ஸ் வாங்குபவனுக்கு வேறென்ன வேண்டும்? மறையும் செய்திகளை 90 நாளுக்கு வைத்துவிட்டால் பழைய இடங்கள் குழுவிலிருந்து தானாகப் போகும். போட்டவர் தன் செய்தியை எல்லோரிடமிருந்தும் நீக்க சுமார் இரண்டரை நாள்தான் அவகாசம். அதைத் தாண்டி இடம் கிரயமானால், அந்தப் பழைய பதிவுக்கே ரிப்ளை கொடுத்து "கிரயம் முடிந்தது" என்று தேதியோடு போடச் சொல்லுங்கள். போடாதவர் அடுத்த இடத்தைக் கொண்டுவரும்போது, போன இடம் என்ன ஆயிற்று என்று குழுவிலேயே கேளுங்கள்.