பொத்தான்களை அமுக்கினால் மட்டும் போதுமா?

'டெவில் மே க்ரை 5' காணொளி விளையாட்டில் பொத்தான்களைக் கண்மூடித்தனமாக அமுக்கினாலே பேய்கள் வீழ்ந்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. சிக்கலான அடிகளைத் தானாகவே போட்டுத்தரும் தானியங்கி உதவியை இயக்கிவைத்து, எளிய நிலையில் ஆடுபவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் 2019இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட இவ்விளையாட்டு, பேயைக் கொன்றோமா என்பதைவிட எவ்வளவு அழகாகக் கொன்றோம் என்பதையே அளக்கிறது. ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் கடைநிலையான 'டி'யிலிருந்து உச்சமான 'எஸ்எஸ்எஸ்' வரையிலான தரவரிசையில் ஏற்றம் மந்தமாகிவிடும், அடி வாங்கினாலோ தரம் சரிந்துவிடும். தரம் ஏற ஏறப் பின்னணி இசையும் சூடுபிடிப்பது தனிச் சுகம்.

நாம் இயக்கும் நாயகர்களுள் ஒருவரான நீரோவின் வாளில் மோட்டார் சைக்கிளைப் போல முறுக்கேற்றும் பிடி ஒன்று உண்டு. வெட்டு விழும் அதே நொடியில் அதை முறுக்கினால் அடுத்த அடி தீப்பறக்கும். இந்த நேரக்கணக்கு கைவர எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. மற்றொரு நாயகரான டான்டேயோ சண்டையின் நடுவிலேயே நான்கு பாணிகளுக்கு இடையே மாறக்கூடியவர் என்பதால், விரல்களுக்கு ஓய்வே இராது. 'வி' என்ற நாயகர் மட்டும் சற்று ஏமாற்றம் தருகிறார்: அவருடைய துணைவிலங்குகள் எதிரியைக் குற்றுயிராக்கிய பிறகு அவர் கைத்தடியால் கதையை முடிக்கிறார் என்பது புதுமைதான் என்றாலும், தொலைவில் நின்று ஏவிக்கொண்டிருப்பதில் அந்த நேரடி உரசல் இல்லை.