விரலுக்கு 1,39,762 ரூபாய்

என் தங்கை வீட்டுக்காரருக்கு இடது கையில் ஆள்காட்டி விரல் இல்லை. 2019 நவம்பரில் பவர் பிரஸ்ஸில், அதாவது தகடு அழுத்தும் மெஷினில் போனது. எட்டே பேர் வேலை பார்த்த பட்டறை, இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு கிடையாது. அதனால் இழப்பீட்டு ஆணையரிடம் மனு. மச்சானுக்குப் பேனா பிடிக்க வரவில்லை என்பதால் கணக்குப் போட்டது நான்தான்.

மாதச் சம்பளத்தில் 60 சதவீதம் எடுத்து, 30 வயதுக்கு 1923ஆம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருக்கும் 207.98 என்ற எண்ணால் பெருக்கி, ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் என்று அட்டவணை சொல்லும் 14 சதவீதத்தை அதில் எடுக்க வேண்டும். மச்சான் வாங்கியது 18,000. ஆனால் யார் எவ்வளவு வாங்கினாலும் கணக்குக்கு 8,000 வரைதான் என்று மத்திய அரசு 2010இல் போட்ட அறிவிக்கை அப்படியே கிடந்தது. வந்தது 1,39,762. அடுத்த ஜனவரி 3ஆம் தேதி அந்த வரம்பை 15,000 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அதே மெஷினில் அதே விரல் போயிருந்தால் 2,62,000க்கு மேல் வந்திருக்கும். விபத்து நடந்த தேதிதான் கணக்கு என்று சொல்லிவிட்டார்கள். தங்கை அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பத்து வருஷம் ஒரு எண்ணைத் தொடாமல் வைத்திருந்ததற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பத்து வருஷத்தில் அரிசி விலை நின்றதா, வாடகை நின்றதா? 1923ஆம் வருஷச் சட்டத்தின் இடத்தில் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது, சரி. அதிலும் எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவது என்று அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம்தான்.

'அது டெல்லி விஷயம்' என்று நம் ஊர்த் தலைவர்கள் கையை விரிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் 24ஆவது இனத்தைப் பாருங்கள், தொழிலாளர் இழப்பீடு என்று பேர் சொல்லியே இருக்கிறது. மாநிலமும் சட்டம் போடலாம். மத்தியச் சட்டத்தோடு மோதினாலும், அரசியலமைப்பின் 254(2) பிரிவுப்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தால் இந்த மாநிலத்துக்குள் நம் சட்டம்தான் நிற்கும். ஒப்புதல் சுலபமில்லை, தெரியும். மசோதாவே போடாமல் ஒப்புதல் எப்படி வரும்?

பெரிசாக ஒன்றும் கேட்கவில்லை. குறைந்தபட்சக் கூலிக்கு அகவிலைப்படியை விலைவாசிப் புள்ளியைப் பார்த்து வருஷா வருஷம் ஏப்ரலில் ஏற்றுகிறோம் இல்லையா, அதே மாதிரி இந்த வரம்பும் தானாக ஏறட்டும், அல்லது வாங்குகிற சம்பளத்தையே கணக்கில் எடுக்கட்டும். தொழிற்சங்கத்தில் இருக்கிற நண்பர்களே, அடுத்த கோரிக்கை மனுவில் இந்த ஒரு வரியைச் சேருங்கள். மச்சான் இன்றைக்கும் அதே பிரஸ்ஸில்தான் நிற்கிறார்.