காரில் ஏறும் முன் கொஞ்ச நாள் கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள்

டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். வீடியோ கேம் விளையாடினால் கார் ஓட்ட வந்துவிடுமா என்று உடனே கேட்கிறார்கள். வராது. ஆனால் முதல் வாரத்தில் படும் பாடு பாதியாகக் குறையும், அக்கா மகள் விஷயத்தில் கண்ணால் பார்த்தேன்.

விதிப்படி கார் பயிற்சி 21 நாள், அதில் குறைந்தது 10 மணி நேரமாவது வண்டியை ஓட்டியிருக்க வேண்டும். நடப்பது என்ன? ஒரே காரில் நாலு பேர், ஆளுக்குக் கொஞ்ச தூரம், அந்தக் கொஞ்ச தூரத்திலும் மாஸ்டர் தன் பக்கத்தில் இருக்கும் கிளட்சையும் பிரேக்கையும் தானே மிதித்துவிடுவார். எங்கள் தர்மபுரி நேதாஜி பைபாஸ் ரோட்டில் பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது அவரும் வேறென்ன செய்வார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்படிப் பழகியவர்கள் எச் போட்டு லைசென்ஸ் வாங்கிய பிறகும் மேட்டில் நிறுத்திய வண்டியை எடுக்கத் தெரியாமல் தவிக்கிறார்கள்.

கிளட்ச், கியர், ஆக்ஸிலரேட்டர், இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செய்கிறவரின் கண் ரோட்டில் இருக்காது, கியர் கம்பியில்தான் இருக்கும். அந்த வரிசையைக் கைக்கும் காலுக்கும் பழக்குவதற்குத்தான் சிமுலேட்டர், அதாவது நிஜ வண்டி மாதிரியே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகும் ஏற்பாடு. கீபோர்டில் ஓட்டினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மூன்று பெடல் உள்ள ஸ்டியரிங் செட் வேண்டும், 900 டிகிரி, அதாவது இரண்டரை சுற்று திரும்புகிற மாதிரி. கியர் கம்பியைத் தனியாக வாங்கி மேஜையின் இடது பக்கம் மாட்டுங்கள், நம் ஊர் காரில் இடது கைதானே கியர் போடுகிறது. சிட்டி கார் டிரைவிங் மாதிரியான மென்பொருளில் இடது பக்கப் போக்குவரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். "மாமா, மறுபடியும் ஆஃப் ஆயிடுச்சு" என்று அக்கா மகள் சலித்துக்கொண்டதெல்லாம் எங்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோனது. நடு ரோட்டில், பின்னால் பத்து வண்டி கத்தும்போது நடந்திருந்தால் மறுநாள் வகுப்புக்கே போயிருக்க மாட்டாள்.

இதில் கிடைக்காதவையும் உண்டு. கிளட்ச் பிடிக்கும் இடத்தில் வண்டி லேசாக அதிருமே, அது வராது. திரையில் வேகம் குறைவாகவே தெரியும். சிலருக்குத் தலை சுற்றும், அவர்கள் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட வேண்டும். அப்புறம், அதில் வரும் வண்டிகள் சிக்னலை மதிக்கும். நம் நாலு ரோட்டில் எதிர்த்திசையில் வருகிற பைக்காரரை எந்த மென்பொருளும் சரியாகக் காட்டாது.

நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்குப் பெரிய காரணம் தொப்பூர். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது கணவாய் இறக்கத்தில் எத்தனை விபத்து, எத்தனை சாவு! டீசல் மிச்சம் என்று எந்தக் கியரும் இல்லாமல் நியூட்ரலில் விடுகிறார்கள். அப்போது இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது, மொத்தப் பாரமும் பிரேக்கில் விழும், பிரேக் சூடேறிச் சூடேறிக் கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. இதை எந்த மாஸ்டராலும் நிஜ ரோட்டில் செய்து காட்ட முடியாது. பீம்என்ஜி டிரைவ் என்ற கம்ப்யூட்டர் கேமில் காட்டலாம், பிரேக் சூடாவதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஒரே இறக்கத்தை முதலில் நியூட்ரலில் இறக்கிப் பாருங்கள், பிறகு இரண்டாவது கியரில் இறக்கிப் பாருங்கள். ஒரு தரம் பிரேக் போய்ப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவருக்கு அது ஆயுசுக்கும் மறக்காது, அதுவும் ஒரு கீறல்கூட இல்லாமல்.

2021இல் வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மைய விதிகளிலேயே சிமுலேட்டர் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சின்ன டிரைவிங் ஸ்கூல்களும் ஒன்று வாங்கி வைக்கலாமே? எல்.எல்.ஆர். எடுத்துவிட்டு, டெஸ்டுக்கு விண்ணப்பிக்க எப்படியும் 30 நாள் காத்திருக்கிறோம், அந்த நாட்களில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும். லாரி ஓட்டப் போகும் பையன்களுக்காவது தொப்பூர் மாதிரி ஒரு இறக்கத்தைக் கட்டாயமாக ஓட்டிக் காட்ட வேண்டும் என்பேன்.

தர்மபுரிப் பக்கம் யாராவது கார் பழகப் போகிறீர்கள் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஸ்டியரிங் செட் எங்கள் வீட்டில் சும்மாதான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் பாருங்கள்.